இரத்தத்தில் சர்க்கரைக் குறைவும் இரத்தக் குழாய்களும்

நீரிழிவு நோய் என்றதும் இரத்தத்தில் சர்க்கரை மிகுவதையே நாம் நினைக்கிறோம். அது இரத்தக் குழாய்களைக் கெடுக்கும் என்பது பலரும் அறிந்ததே. ஆனால், சர்க்கரை அளவு கடந்து குறைவதும் அக்குழாய்களுக்குக் கேடு விளைக்கும் என்பதை அறிந்தோர் சிலரே.

சேர்வராயன் மலையில் இதனை அறிவது மிகவும் அவசியம். காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் ஏற்காட்டுத் தோட்டங்களில் தொழிலாளர் சரிவுகளில் ஏறி இறங்கி உழைக்கின்றனர். இன்சுலின் ஊசியோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ கொள்பவர் அன்று உணவைத் தவறவிட்டால், மருந்தும் உழைப்பும் சேர்ந்து சர்க்கரையை வெகுவாகக் குறைத்துவிடும்.

100 மில்லி லிட்டர் இரத்தத்தில் சர்க்கரை 70 மில்லி கிராமுக்குக் கீழ் இறங்கினால் அது குறைவு. 54-க்குக் கீழ் இறங்கினால் ஆபத்து. அப்பொழுது உடலில் அட்ரினலின் என்னும் சுரப்புநீர் பெருகுகிறது. வியர்வையும் நடுக்கமும் படபடப்பும் தோன்றுகின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது. இரத்தத் தட்டணுக்கள் எளிதில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. குழாயின் உட்சுவர் அழற்சியுற்று, விரிந்துகொடுக்கும் திறன் குன்றுகிறது. முன்னரே குழாய் அடைப்பு உள்ளவர்க்கு இது பேரிடராகலாம்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,251 நோயாளரிடம் நடத்தப்பட்ட 'அக்கார்டு' ஆய்வில், சர்க்கரையை மிகக் கடுமையாகக் குறைத்த பிரிவில் இறப்புகள் கூடியதால், 2008-ஆம் ஆண்டில் அம்முறை நிறுத்தப்பட்டது. சர்க்கரைக் குறைவே அதற்குக் காரணம் என்று நிலைநாட்டப்படவில்லை. எனினும், குறையக் குறைய நலமே என்ற எண்ணம் எல்லோருக்கும் பொருந்தாது என்பது விளங்கிற்று.

சேலத்திலிருந்து ஏற்காடு வரும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஆகவே மலைக் கிராமங்களில் முதலுதவியே உயிர் காக்கும். நினைவுடன் இருப்பவர்க்கு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை, அதாவது ஏறத்தாழ 15 கிராம், நீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். 15 நிமிடங்களில் தெளியாவிடில் மீண்டும் கொடுத்து, தெளிந்தபின் உணவளிக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதனையும் இடலாகாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

வீடுதோறும் நீரிழிவு மருந்து சேர்க்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டு 5-இல் தொடங்கப்பட்டது. மருந்து வீடு வந்தால் மட்டும் போதாது. அதனை உண்ணும் முறையும் வீடு வந்து சேர வேண்டும். கிராம சபையில் சுகாதார ஊழியரைக் கொண்டு இம்முதலுதவியைச் செய்துகாட்ட ஊராட்சி உறுப்பினர் ஏற்பாடு செய்யலாம். மருந்து கொள்வோர் வேலைக்கிடையே நேரத்தில் உண்ணத் தோட்டத்தார் இடந்தருதல் வேண்டும்.

குறைவுக்கு அஞ்சி மருந்தைத் தாமே நிறுத்துவதும் தவறு. மயக்கமோ நடுக்கமோ கண்டால் மருத்துவரிடம் கூறி அளவைத் திருத்திக்கொள்வோம். வேலைக்குச் செல்வோர் மடியில் சிறிது சர்க்கரையும், வயிற்றில் காலை உணவும் இருக்கட்டும்.