பால்நாரையைக் காணச் செல்வோம்



தோட்டத்து ஓடைகளில் வெண்கொக்குகளை நாம் நாள்தோறும் காண்கிறோம். அவற்றினும் பெரிய, மிக அரிய பறவை ஒன்று நம் நாட்டுக் கடற்கரையில் வாழ்கிறது. அதுவே பால்நாரை. மலாய் மொழியில் அதனைப் 'பூரோங் போத்தாக் உப்பே' என்பர். 'போத்தாக்' என்றால் வழுக்கை. இறகற்றுச் சிவந்த அதன் முகத்தைக் கண்டால் பெயர்ப் பொருத்தம் நமக்கு விளங்கும்.

பேராக் மாநிலத்தின் கிரியான் மாவட்டத்தில் கோலா கூலா என்னும் மீனவர் ஊர் உள்ளது. அதன் அருகே ஏறத்தாழ 40,000 ஹெக்டர் பரப்புள்ள மாத்தாங் சதுப்புநிலக் காடு பரந்து கிடக்கிறது. கரி சுடப் பயன்படும் பாக்காவ் மரங்கள் நிறைந்த காடு அது. பால்நாரையைக் காண விரும்புவோர் அங்குச் செல்லலாம்.

செல்லும் வேளையை அறிந்து செல்லுதல் வேண்டும். கடல்நீர் வற்றியிருக்கும்போது பறவைகள் தொலைவிலுள்ள சேற்றுத் திடலில் இரை தேடும். நீர் ஏற ஏற அவை கரையை நோக்கி வரும். அவ்வேளையில் தொலைநோக்கியுடன் ஓசையின்றிக் காத்திருப்பதே நலம்.

கொக்கையும் நாரையையும் எவ்வாறு பிரித்தறிவது? கொக்கு பறக்கும்போது கழுத்தை மடக்கிக்கொள்ளும். நாரையோ கழுத்தை நீட்டிப் பறக்கும். பால்நாரைக்கு உடல் வெண்மை, அலகு மஞ்சள், சிறகின் ஓரம் கருமை. நின்றால் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம் இருக்கும். சேற்றுக் குழிக்குள் அலகை விட்டுத் துழாவி, மீன் தொட்டவுடன் சட்டென்று கவ்விக்கொள்ளும். கண்ணால் காணாமலே இரை பிடிக்கும் அதன் திறம் வியக்கத்தக்கது அன்றோ!

1984ஆம் ஆண்டில் இக்கடற்கரையில் நூற்றுக்கும் மேற்பட்ட பால்நாரைகள் எண்ணப்பட்டன. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் அவை பத்துக்கும் குறைந்தன. இந்நிலையை மாற்ற, தேசிய விலங்குக் காட்சிசாலையில் 1987 முதல் இப்பறவைகள் வளர்த்துப் பெருக்கப்பட்டன. 1998இல் சில பறவைகள் கோல சிலாங்கூரிலும், பின்னர்க் கோலா கூலாவிலும் விடப்பட்டன.

ஆயினும், கூண்டில் வளர்த்து வெளியே விடுவது மட்டும் போதுமா? நாற்றங்காலில் கன்று வளர்த்தவர்களுக்கு விடை தெரியும். கன்று எவ்வளவு செழிப்பாயினும், நடும் மண் கெட்டிருந்தால் அது பிழைக்காது. பால்நாரைக்குக் கூடு கட்ட உயர்ந்த மரம் வேண்டும். இரை தேடத் தூய சேறு வேண்டும். இவ்விரண்டும் அழிந்தால், விடப்பட்ட பறவை எங்கே வாழும்?

கடற்கரை நமக்குத் தொலைவில் உள்ளதென்று எண்ணிவிடலாகாது. நம் கால்வாயில் எறியப்படும் நெகிழிப் பை ஆற்றின் வழியே கடலோரச் சேற்றைச் சென்றடையும். ஆதலின், பெற்றோர்களே, மாணவர்களே! கால்வாயில் குப்பை கொட்டாதிருப்போம். கூடுள்ள மரத்தை நெருங்காதிருப்போம். குஞ்சுகளை விலைக்குக் கேளாதிருப்போம். நம் பிள்ளைகளின் பிள்ளைகளும் பால்நாரையைப் படத்தில் அன்றி வானத்திலேயே காணட்டும்!