ஆம்ப்ளிஃபயர் முகப்பில் எழுத்து வெட்ட...

வீட்டிலேயே செய்த ஆம்ப்ளிஃபயருக்கு ஸ்டிக்கர் எழுத்து வேண்டாம். அதிராம்பட்டினத்து உப்புக் காற்றில் ஓரம் கிளம்பிவிடும். பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறவரிடமே 2 மி.மீ. அலுமினியத் தகட்டைக் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். அதற்கு முன்பே துளைகளைப் போட்டு, பிசிறு ராவி, 400 நம்பர் உப்புத்தாளால் ஒரே திசையில் தேய்த்துவிட வேண்டும். குமிழை மாட்டிப் பார்த்து, அது மறைக்காத இடத்தில் பென்சிலால் எழுதிக் கொடுங்கள். எழுத்து ரொம்பப் பொடியாக இருந்தால் 'ஒலி'யின் சுழி அடைந்துபோகும்.

வால்யூம் குமிழ் பெரும்பாலும் 300 பாகை சுற்றும். அதாவது கடிகாரத்தில் 7 மணியிலிருந்து 5 மணி வரை. அந்த மணிக்கோடுகளையே 0 முதல் 10 வரை குறித்துக்கொள்ளலாம், பாகைமானியே வேண்டாம்.

வெட்டிய பள்ளத்தில் கறுப்பு எனாமல் பூசி, ஈரத்திலேயே பழைய விசிட்டிங் கார்டால் வழித்தெடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு நிறமில்லாத ஸ்ப்ரே பெயின்டை மெல்லிசாக அடியுங்கள். இந்த ஊரில் அதை விட்டுவிட்டால் அலுமினியத்தில் வெள்ளை பூத்துவிடும்.