இருட்டினால் சுருங்கும் ரேடியோ

டெக்சாஸில் ஒரு சின்ன ஊர் ஏ.எம். நிலையத்தைச் சில வருடங்கள் பகுதிநேரமாகப் பராமரித்தேன். 1450 கிலோஹெர்ட்ஸ், 1 கிலோவாட். பகலில் பக்கத்து ஊர் தாண்டியும் கேட்கும். பொழுது சாய்ந்தால் ஊர் எல்லையிலேயே இரைச்சல். முதலாளி ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பார்: வாட்டைக் கூட்டினால் என்ன?

கூட்ட முடியாது. அமெரிக்காவில் 1230, 1240, 1340, 1400, 1450, 1490 ஆகிய ஆறும் உள்ளூர் நிலையங்களுக்கானவை. 1 கிலோவாட்டுக்கு மேல் அனுமதியில்லை. பகலில் மேலே போகும் அலையை அயனி மண்டலத்தின் டி அடுக்கு விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கரைய, எங்கெங்கோ இருக்கும் 1450 நிலையங்களெல்லாம் வானத்தில் பட்டுத் திரும்பி நம் ஊரில் வந்து இறங்கும். சக்தியை இரட்டிப்பாக்க விட்டால்கூட அலையின் வலிமை 1.4 மடங்குதான் ஏறும்.

அதனால் கோபுரத்தின் எர்த்தைச் சரிசெய்ய மண்ணைத் தோண்டினேன். கோபுரத்தின் அடியிலிருந்து 120 செப்புக் கம்பிகள், ஒவ்வொன்றும் சுமார் 52 மீட்டர், வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி புதைந்திருக்க வேண்டும். பல இடங்களில் திருடர்கள் உருவிப் போயிருந்தார்கள். மிச்சத்தைப் புல்வெட்டி பார்த்துக்கொண்டது. புதுக் கம்பி போட்டு, இணைப்புகளை வெள்ளிப் பற்றவைப்பில் முடித்தோம். சாதாரண ஈயப்பற்று மண்ணுக்குள் அரித்துவிடும்.

இத்தனை செலவுக்குப் பிறகும் அலையின் வலிமை துளியும் ஏறவில்லை! இரண்டு வாரம் மண்டையைக் குடைந்தேன். தப்பு என்னுடையது. எர்த் சரியானதும் கோபுரத்தின் மின்தடை குறைந்திருந்தது. நானோ அம்மீட்டர் முள்ளைப் பழைய இடத்திலேயே நிறுத்தி வைத்திருந்தேன். அதே கரண்ட் என்றால் அதே அலைதானே. உண்மையில் உரிமத்தில் உள்ளதைவிடக் குறைந்த சக்தியில் ஓட்டிக்கொண்டிருந்தோம். தடையைப் புதிதாக அளந்து, அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.க்குத் தெரிவித்து, கரண்டை ஏற்றிய பிறகுதான் போட்ட செம்புக்குப் பலன் கிடைத்தது.

ஆடியோவிலும் கொஞ்சம் கைவைத்தேன். பேச்சு நிகழ்ச்சிகளை 6 கிலோஹெர்ட்ஸோடு வெட்டினேன். அதற்கு மேல் போனாலும் சாதாரண ரேடியோ பெட்டி காட்டாது. மாடுலேஷனின் மேல்முனை 125 சதவீதம் வரை போகலாம், கீழ்முனை 100-ஐத் தாண்டினால் பக்கத்து அலைவரிசைக்காரர் சண்டைக்கு வருவார்.

எஃப்.எம். டிரான்ஸ்லேட்டர் வைக்கலாம் என்று முதலாளி சொன்னபோது வீம்புக்கு எதிர்த்தேன். ஏ.எம். நிகழ்ச்சியை இப்படி எஃப்.எம்.மில் மறுஒலிபரப்ப 2009-லேயே அனுமதி வந்துவிட்டது. 250 வாட் வரை போகலாம். வைத்த முதல் வாரமே இரவு நேயர்களின் தொலைபேசி அழைப்பு கூடியது. எர்த்துக்கு நான் பட்ட பாட்டைவிட அதுதான் ஊருக்கு உதவியது, ஒத்துக்கொள்கிறேன்.

நீங்களும் இந்த வேலையில் இருந்தால், அலையின் வலிமையைப் பகலில் மட்டும் அளந்துபாருங்கள். இரவில் அடுத்தவர் அலையும் மீட்டருக்குள் புகுந்துவிடும். இரவுக்குக் காதுதான் கருவி. ஒரே கார், ஒரே சாலை, ஒரே நேரம், குறைந்தது ஐந்தாறு இரவுகள் ஓட்டிக் கேளுங்கள். ஒரு ராத்திரி கேட்டதை நம்பி எதையும் மாற்றாதீர்கள்.