உடற்பருமன் சத்திரவைத்தியர் சங்கமும் அதன் கடனும்

ஒரு தொழிலைச் செய்வோர் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தல் உலகெங்கும் காணப்படும் வழக்காகும். ஆசிரியருக்குச் சங்கமுண்டு, எழுதுவினைஞருக்குச் சங்கமுண்டு, வழக்கறிஞருக்கும் வைத்தியருக்கும் சங்கமுண்டு. இவையெல்லாம் தத்தம் அங்கத்தவரின் ஊதியத்தையும் உரிமையையும் காத்தற்கே எழுந்தன எனப் பெரும்பாலார் கருதுவர். அஃது உண்மையின் ஒரு கூறேயாம். ஒரு தொழிலை நாடி வருவோரை அத்தொழிலாளரின் பிழையினின்றும் காத்தலே தொழிற்சங்கத்தின் தலையாய கடன் என்பது எமது துணிபு. இதனை விளக்குதற்கு, உடற்பருமன் நோய்க்குச் சத்திரசிகிச்சை செய்யும் வைத்தியர் அமெரிக்க ஐக்கிய நாட்டில் அமைத்த சங்கத்தின் வரலாற்றை ஈண்டு ஆராய்வாம்.

உடல் பருத்தோரைப் பெருந்தீனியர் என எள்ளி நகைத்தல் எந்நாட்டிலும் உள்ள இழிவழக்கு. பருமன் மனவுறுதிக் குறைவால் மாத்திரம் வருவதன்று. பிறப்பியல்பு, பசியையும் நிறைவையும் மூளைக்கு உணர்த்தும் சுரப்புகள், உணவு, வாழ்க்கை முறை எனக் காரணங்கள் பலவாம். நீரிழிவு, உயர் குருதியமுக்கம், துயிலிற் சுவாசத்தடை, மூட்டுநோய் முதலியன அதனைத் தொடர்ந்து வருவன. உண்டி சுருக்கி உடல் இளைத்தவருள்ளும் பலர் சில ஆண்டுகளில் மீண்டும் பருக்கின்றனர். ஆதலினாலேயே சிலருக்குச் சத்திரசிகிச்சை வேண்டப்படுகின்றது.

1954 ஆம் ஆண்டில் மினசோற்றாப் பல்கலைக்கழக வைத்தியர் சிலர், சிறுகுடலின் பெரும்பகுதியை உணவு தொடாது செல்லுமாறு மாற்றி இணைக்கும் முறையொன்றை வெளியிட்டனர். அடுத்த இருபது ஆண்டுகளில் அம்முறை பல இடங்களிற் கையாளப்பட்டது. உடல் இளைத்தது உண்மை. ஆயின் தீராத வயிற்றோட்டம், சிறுநீரகக் கல், மூட்டுவலி, ஈரற் கேடு என்பன பின்னர்த் தோன்றின. சிலர் மாண்டனர், பலருக்குக் குடலை மீண்டும் பழைய நிலைக்கு மாற்ற நேர்ந்தது.

இத்தீங்கு ஏன் விரைவில் உணரப்படவில்லை? ஒவ்வொரு வைத்தியரும் தாம் சிகிச்சை செய்த சிலரையே அறிவர். நோயாளர் மெலிந்த உடலோடு மகிழ்ந்து வீடு செல்வர். ஆண்டுகள் சில கழிந்தபின் வேறோர் ஊரில், வேறொரு வைத்தியசாலையில், ஈரல் கெட்டுக் கிடப்பர். கத்தி பிடித்தவர் அதனை அறியார்; அறிந்தவர் கத்தி பிடித்தவரை அறியார். தனியொருவர் எத்துணை நேர்மையாளராயினும் இவ்வுண்மையைத் தனித்துக் காணுதல் அரிது. பலர் கூடிக் கணக்கு வைத்தாலன்றி அது புலனாகாது.

இதனை நன்குணர்ந்தவர் அயோவாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வேட் மேசன். குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதி நீக்கப்பெற்றோர் மெலிந்தே இருத்தலைக் கண்ட அவர், இற்றோ என்னும் யப்பானிய வைத்தியரோடு சேர்ந்து, 1966 இல் இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்துச் சிறுகுடலோடு நேரே பொருத்தும் முறையைத் தொடங்கினார். 1983 இல் அயோவா நகரிற் சங்கம் நிறுவப்பட்டபோது முதற் றலைவரானவரும் அவரே. 1986 இல், சத்திரசிகிச்சை பெற்றோரின் விளைவுகளைப் பல இடங்களினின்றும் திரட்டும் பதிவேடு ஒன்றையும் அவர் தொடக்கி வைத்தார். நூறு ஆண்டு வாழ்ந்து 2020 இல் மறைந்த அப்பெரியார், இச்சிகிச்சை பெற்றவரை வாழ்நாள் முழுதும் கண்காணித்தல் வேண்டும் என வற்புறுத்தி வந்தார். அது பொருத்தமே. வழி மாறிய குடல் இரும்பு, கல்சியம், விற்றமின் பி12 ஆகியவற்றைச் செவ்வனே உறிஞ்சாது. அவற்றை நாடோறும் மருந்தாக உட்கொள்ளாதார்க்குக் குருதிச்சோகையும் நரம்புக் கேடும் என்புத் தேய்வும் வந்து சேரும்.

அடுத்து, சங்கம் தன் அங்கத்தவருக்குத் தானே விதி வகுத்தது. 2004 இல் தகுதியான வைத்தியசாலைகளைப் பரிசோதித்துச் சான்று வழங்குதற்கு ஓர் அமைப்பை ஏற்படுத்தியது. ஆண்டுக்கு 125 சிகிச்சைகளேனும் நடைபெறும் இடத்துக்கே முதலிற் சான்று கிடைத்தது. பழகிய கை பிழைபடுதல் குறைவு என்பது அதன் கருத்து. 2012 இல் இப்பணி அமெரிக்கச் சத்திரவைத்தியர் கல்லூரியின் பணியோடு இணைக்கப்பட்டது. எண்ணிக்கை 50 ஆகக் குறைக்கப்பட்டது. சிகிச்சை பெறும் அனைவரின் விளைவுகளையும் பதிவு செய்தல் கட்டாயமாயிற்று. 2006 முதல் சான்று பெற்ற இடங்களிற் செய்யும் சிகிச்சைக்கே பணம் கொடுத்து வந்த முதியோர்க்கான அரசாங்கக் காப்புறுதி, அந்நிபந்தனையால் நோயாளர் நலன் மேலும் உயராது எனக் கூறி 2013 இல் அதனை நீக்கியது. சங்கம் வகுக்கும் விதியும் ஆராய்ச்சிக்கு உட்பட்டதே என்பது இதனாற் பெறப்படும். கணக்கு வைத்தலின் பயனோ வெளிப்படை. அரசின் உதவியோடு 10 நிலையங்களில் 4776 பேரை ஆராய்ந்து 2009 இல் வெளியான அறிக்கை, சிகிச்சைக்குப்பின் 30 நாளுள் இறந்தோர் ஆயிரத்துக்கு மூவரே எனக் காட்டியது.

யாருக்கு இச்சிகிச்சை தகும் என்பதே இன்று எழும் பெரிய வினா. கிலோகிராமிற் கூறும் நிறையை, மீற்றரிற் கூறும் உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வருவது உடற்றிணிவுச் சுட்டி. அது 40 உம் அதற்கு மேலுமாயிருத்தல் வேண்டும். அன்றேல், கடிய பிற நோய்களோடு 35 ஆயினும் இருத்தல் வேண்டும் என 1991 இல் அமெரிக்க அரசின் சுகாதார நிலையங்கள் கூட்டிய அறிஞர் அவை வரையறுத்தது. 160 சதமமீற்றர் உயரமுடையவருக்கு 40 என்பது 102.4 கிலோகிராம். 2007 இல் தன் பெயரில் உடலின் உட்செயல் மாற்றத்தைக் குறிக்கும் சொல்லையும் சேர்த்துக்கொண்ட சங்கம், 2022 இல் அகில உலக இணையத்தோடு கூடி இவ்வெல்லையைத் தாழ்த்தியது. சிகிச்சை பெற்றோருட் பலருக்கு, உடல் இளைக்குமுன்னரே, சில நாட்களில் நீரிழிவு தணிந்தமை இதற்கு ஒரு காரணம். 35 ஆயின் வேறு நோயின்றியும், ஆசிய மக்களுக்கு 27.5 ஆயினும் சிகிச்சை தகும் என்பது புதிய விதி. மேற்கூறிய உயரத்துக்கு 27.5 என்பது 70.4 கிலோகிராம் மாத்திரமே. குறைந்த பருமனிலேயே நீரிழிவுக்கு ஆளாகும் எம்மவரும் இவ்விதியுள் அடங்குவர்.

கத்தி பிடிப்போரே கத்திக்குரியோர் யாரென வரையறுத்தல் தகுமோ என ஈண்டு ஒருவர் வினவலாம். வினா நேரியதே, ஏனெனில், எல்லை தாழுந்தோறும் அவர்தம் வருவாய் உயரும். ஆயினும், குடலின் இயல்பை நன்கறிந்தோர் அவரே ஆதலின், அவரை விலக்கியும் விதி செய்தல் இயலாது. ஆகவே மூன்று காவல் வேண்டும். விளைவுகளின் கணக்கு யாவரும் காணத் திறந்திருத்தல் வேண்டும். உணவியலார், உளவியலார், தாதியர் ஆகியோரும் உடனமர்ந்து பேசுதல் வேண்டும். அச்சங்கத்தில் இவர்களுக்கும் இடமுண்டு. மூன்றாவதாக, கைவிடப்பட்ட முறைகளின் வரலாறு இளைய வைத்தியருக்கு மறையாது கற்பிக்கப்படல் வேண்டும்.

எமது கல்லூரியினின்றும் வெளியேறிய மாணவர் பலர் இன்று வைத்தியராயும் பொறியியலாளராயும் கணக்காளராயும் ஆசிரியராயும் விளங்குகின்றனர். இன்று வகுப்பறையில் இருப்போரும் நாளை அவ்வத்தொழிற் சங்கங்களிற் சேர்வர். சேரும்போது, சங்கம் எமக்கு யாது தரும் என்று கேட்டல் இயல்பே. எம்மால் தீங்குற்றோர் எத்துணையர் என எமது சங்கம் எண்ணுகின்றதா என்பதையும் அவர்கள் கேட்பாராக. எண்ணாத சங்கமாயின், எண்ணத் தொடங்கும் முதற் கை எமது பழைய மாணவர் ஒருவரின் கையாகுக.