இடுப்பு வலியும் இரும்பன் புளியும்

மூணாறு, தேவிகுளம் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் நாள் முழுதும் சரிவிலே நின்று கொழுந்து கிள்ளிவிட்டு, அந்தியில் லயத்து வாசலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காரும் தாய்மாரும், சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்து வயல்களில் வெயிலிலே குனிந்து பாடுபடும் பெரியவர்களும், வலி சற்று மிஞ்சினால் உடனே "கிட்னி போயிடுச்சோ" என்று கலங்குவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அவ்வுறுப்பு சரீரத்தில் இருக்கும் ஸ்தானத்தைப் பற்றிய தவறான அபிப்பிராயமே இந்தக் கலக்கத்தின் வேர்.

சிறுநீரகங்கள் இடுப்பில் இல்லை. வயிற்றறையின் பின்சுவரில், முதுகெலும்பின் இருமருங்கிலும், கடைசி விலா எலும்புகள் பாதி மறைக்கும் உயரத்தில், கொழுப்புக்குள் பொதிந்து கிடக்கின்றன. மேலே கல்லீரல் இருப்பதால் வலப்புறத்தது சற்றே தாழ்ந்திருக்கும். குனிந்து நிமிர்கையில் கூடிக் குறையும் இடுப்பு வலி பெரும்பாலும் தசையையும் எலும்பையும் சேர்ந்தது. சிறுநீரகக் கல் சிறுநீர்க்குழாயை அடைத்தால், விலாவுக்குக் கீழே பிடித்துத் தொடைச்சந்து வரை பாய்ந்து ஆளைப் புரட்டியெடுக்கும் வலி உண்டு என்பது மெய்யே. ஆயினும் சர்க்கரை நோயாலும் ரத்த அழுத்தத்தாலும் வருஷக்கணக்கில் சிறுகச் சிறுகக் கெட்டுவரும் சிறுநீரகம் வலிப்பதே இல்லை. ரத்தத்தில் கிரியாட்டினினையும் சிறுநீரில் ஆல்புமினையும் சோதித்தாலன்றி அது நெடுநாள் வெளிப்படாது.

"சிறுநீர் தாராளமாகப் போகிறது, பிறகென்ன?" என்பாரும் உண்டு. இறைச்சிக் கடையில் வாங்கிய ஆட்டுக் குண்டிக்காயை நெடுக்கே அரிந்து பார்த்தால், வெளியே செம்பழுப்பான ஒரு பட்டையும், உள்ளே மெல்லிய கோடுகள் பாய்ந்த வேறு நிறப் பகுதியும், நடுவே சிறுநீர் சேரும் வெண்மையான குழிவும் பிரத்தியட்சமாகத் தெரியும். மனிதனுக்கு அந்த உட்பகுதி எட்டு முதல் பதினெட்டு வரையான கூம்புகளாகப் பிரிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாதவை நெஃப்ரான்கள். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம். ஒவ்வொன்றும் ஒரு ரத்த நாளச் சுருளும், அதைத் தொடர்ந்து வளைந்து செல்லும் அதிசூக்ஷ்மமான குழாயுமாம். சுருள்கள் தினமும் வடிக்கும் நீர் ஏறக்குறைய 180 லிட்டர். அதில் ஒன்றரை லிட்டர் போக மற்றதெல்லாம் குழாய்களின் வழியே ரத்தத்துக்கே மீட்கப்படுகிறது. ஆகவே வெளிவரும் அளவொன்றையே சாட்சியாகக் கொள்ளலாகாது. மீட்கும் சக்தி குன்றிய சிறுநீரகமும் நிறையவே நீரை வெளியேற்றும்.

இந்தக் குழாய்களை எண்ணித்தான் இரும்பன் புளியைப் பற்றி அஞ்சுகிறேன். கேரளத்துக் கொல்லைகளில், அடிமரத்திலேயே பச்சைக் கொத்துக் கொத்தாகக் காய்க்கும் அந்தப் புளிப்புக் காயை மீன்குழம்பிலும் ஊறுகாயிலும் சேர்ப்பது நெடுநாள் வழக்கம், அதில் குற்றமில்லை. கொழுப்பைக் கரைக்கும் என்று நம்பிக் காய்களை அரைத்துச் சாறு பிழிந்து டம்ளர் கணக்கில் குடிப்பதே விபரீதம். அச்சாற்றில் ஆக்ஸாலிக் அமிலம் மிகுதி. குழாயில் நீர் மீட்கப்பட்டுச் செறிவு ஏற ஏற, அது கால்சியத்தோடு கூடிப் படிகமாகி வழியை அடைத்துவிடுகிறது. கேரளத்தின் ஐந்து மருத்துவமனைகளில், இச்சாற்றைக் குடித்துத் திடீரெனச் சிறுநீரகம் செயலிழந்த பத்துப் பேரைப் பற்றி 2013இல் மருத்துவர்கள் எழுதினார்கள். அவர்களில் ஏழு பேருக்கு டயாலிசிஸ் செய்ய நேர்ந்தது.

இதைக் குடித்தபின் சிறுநீர் குறைந்தாலோ, விடாமல் குமட்டினாலோ, மருத்துவரிடம் விரைந்து செல்லுங்கள். குடித்ததை, எவ்வளவு என்பதோடு, அவர் கேட்குமுன் நீங்களே சொல்லிவிடுங்கள்.