மிருதங்கம் வீட்டில், வித்வான் ரயிலில்

வெளியூர் போனாலும் சாதகம் விடக்கூடாது என்பவர்களுக்கு:

1. கஞ்சிரா வாங்குங்கள், தோள்பையில் அடங்கிவிடும். உடும்புத்தோல் மட்டும் வேண்டாம். நாதம் அருமைதான், ஆனால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பும் உண்டு, சுங்கத்தில் மாட்டிக்கொள்வீர்கள். செயற்கைத் தோல் போட்டதைப் பாருங்கள். மழை, வெயில், ஏ.சி. எதற்கும் சுருதி அவ்வளவாக அலையாது. தண்ணீர் தடவும் வேலையும் மிச்சம்.

2. இடக்கைக்கு ரப்பர் பயிற்சிப் பலகை ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கஞ்சிராவில் இடக்கைக்குப் பிடிக்கும் வேலைதான் அதிகம். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் மறந்துபோகும். விடுதியில் பக்கத்து அறைக்காரர் தூக்கமும் கெடாது.

3. பலகையை வாசித்துப் பார்த்தே வாங்குங்கள். அதிகம் துள்ளும் ரப்பர் விரலைச் சோம்பேறியாக்கும்.

4. கஞ்சிராவின் ஜால்ராச் சில்லுகளில் துணி சுற்றுங்கள். சக பயணிகள் வாழ்த்துவார்கள்.