திறக்க மறுக்கும் விரிதாள் கோப்பு

மாணவர்களே, இலத்திரனியல் விரிதாள் அலகில் சூத்திரம், சார்பு, வரைபு என்பவற்றை நன்றாகப் பயிற்சி செய்கிறீர்கள். ஆனால் நேற்றுச் சேமித்த கோப்பு இன்று திறக்காவிட்டால் என்ன செய்வீர்கள்?

என்னிடம் கற்ற மாணவி ஒருவர் புள்ளிப்பட்டியல் ஒப்படையை எக்செல் 2010 இல் தயாரித்துப் பென்ட்ரைவில் கொண்டு சென்றார். சமர்ப்பிக்க வேண்டிய இடத்துக் கணினியில் இருந்ததோ எக்செல் 2003. கோப்பு திறக்கவில்லை. உடனே கோப்பு நீட்சியான எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ். என்பதன் கடைசி எழுத்தை அழித்து எக்ஸ்.எல்.எஸ். ஆக்கினார். இப்போது திறந்தது, ஆனால் திரை நிறைய விளங்காத குறிகள். பதற்றத்தில் அதையே சேமித்தும் விட்டார். வேறு பிரதி இல்லை. மூன்று நாள் வேலை போயிற்று.

இங்கே நடந்தது என்ன? எக்செல் 2003 வரை எக்ஸ்.எல்.எஸ். என்னும் துவித வடிவமே வழக்கம். 2007 பதிப்புடன் வந்த எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ்., எக்ஸ்.எம்.எல். கோப்புகள் பலவற்றைச் சிப் முறையில் சுருக்கிக் கட்டிய ஒரு பொதி. பெயரை மாற்றினால் உள்ளடக்கம் மாறாது. போத்தலின் லேபலை மாற்றினால் மண்ணெண்ணெய் தேங்காய் எண்ணெய் ஆகுமா?

சரியான வழி, புதிய பதிப்பு உள்ள கணினியில் கோப்பைத் திறந்து, 'சேவ் அஸ்' மூலம் 'எக்செல் 97-2003 வேர்க்புக்' என்னும் வகையைத் தெரிந்து சேமிப்பதாகும். அப்போதும் சிலவற்றை இழக்க நேரிடும். பழைய வடிவில் 65,536 நிரைகளும் 256 நிரல்களும் மட்டுமே உண்டு. புதியதில் 1,048,576 நிரைகள், 16,384 நிரல்கள். 2007 இல் அறிமுகமான இஃப்எரர் போன்ற சார்புகளும் 2003 பதிப்பில் இயங்கா.

பதிப்பு பொருந்தியும் திறக்கவில்லையா? முதலில் கோப்பைப் பிரதி செய்து, பிரதியில் மட்டும் கை வையுங்கள். வலது சொடுக்கில் 'புறொப்பர்ட்டிஸ்' சென்று பருமனைப் பாருங்கள். 0 பைட் எனக் காட்டினால் அதனுள் தரவு எதுவும் இல்லை. பிரதி செய்து முடியுமுன் பென்ட்ரைவைப் பிடுங்கியிருக்கலாம். பருமன் சரியாக இருந்தால், எக்செல்லின் 'ஓப்பன்' சாளரத்தில் கோப்பை ஒருமுறை மட்டும் சொடுக்கித் தெரிந்து, ஓப்பன் பொத்தானின் அருகிலுள்ள அம்புக்குறியை அழுத்துங்கள். 'ஓப்பன் அண்ட் ரிப்பெயார்' அங்கே உண்டு. முதலில் 'ரிப்பெயார்', அது தோற்றால் 'எக்ஸ்ராக்ட் டேட்டா'. பின்னையதில் பெறுமானங்களும் சூத்திரங்களும் இயன்றவரை மீட்கப்படும். எல்லாம் வருமென்று எதிர்பார்க்க வேண்டாம். லிப்ரே ஒபிஸ் கல்க் இலவச மென்பொருள். எக்செல் கைவிட்ட கோப்பை அது திறந்த சந்தர்ப்பங்களும் உண்டு.

பென்ட்ரைவில் கோப்புகளுக்குப் பதிலாக ஷோட்கட்கள் மட்டும் தெரிந்தால் அது பெரும்பாலும் வைரசின் வேலை. அவற்றைச் சொடுக்க வேண்டாம். வைரசு எதிர்ப்பு மென்பொருளால் சோதித்தபின், மறைந்த கோப்புகளைக் காட்டும் தெரிவை இயக்குங்கள். உங்கள் கோப்பு அநேகமாக அங்கேயே இருக்கும்.

பயிற்சி வினா: கமலன் எக்செல் 2016 இல் சேமித்த கோப்பை எக்செல் 2003 உள்ள கணினியில் திறக்க முடியவில்லை.
(அ) காரணத்தைக் குறிப்பிடுக.
(ஆ) கோப்பின் பெயரை மாற்றுவது தீர்வாகாமைக்குக் காரணம் தருக.
(இ) அவன் செய்ய வேண்டியதைப் படிமுறையாக எழுதுக.

(ஆ) பகுதிக்கு 'வடிவம் மாறாது' என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். நீட்சி எதைக் குறிக்கிறது என்பதையும் ஒரு வரியில் சேருங்கள்.